தன் பெயரில் ஒரு சில்லும் விற்காத நிறுவனம்: மோரிஸ் சாங்கின் வாழ்வும் தொழிலும்

ஐபோனுக்குள் இருக்கும் சில்லை வடிவமைப்பது ஆப்பிள். செயற்கை நுண்ணறிவு மையங்களில் ஆயிரக்கணக்கில் அடுக்கப்படும் சில்லுகளை வடிவமைப்பது என்விடியா. ஏஎம்டியும் குவால்காமும் தத்தம் சில்லுகளைத் தாங்களே வரைகின்றன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து கொடுப்பது ஒரே நிறுவனம். தைவானின் சின்ச்சு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தைவான் செமிகண்டக்டர் மேனுஃபேக்சரிங் கம்பெனி, சுருக்கமாக டிஎஸ்எம்சி. உலகின் மிக முன்னேறிய சில்லுகளில் பத்துக்கு ஒன்பது அங்கிருந்துதான் வருகின்றன என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. இவ்வளவு இருந்தும், அந்த நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஒரு பொருளைக்கூட எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதை 1987-இல், தமது 55-ஆவது வயதில் தொடங்கியவர் மோரிஸ் சாங்.

தொழில்நுட்ப நிறுவனத் தலைவர்களைப் பற்றி எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் கதையையே சொல்கின்றன: இருபது வயது இளைஞன், கல்லூரியை விட்ட துணிச்சல், உலகை மாற்றிய பொருள். சாங்கின் வாழ்க்கை அந்த வார்ப்பில் அடங்காது. அவர் எந்தப் பொருளையும் கண்டுபிடிக்கவில்லை. பட்டறைத் தளத்தில் முப்பது ஆண்டுகள் கற்றதை ஒரு நிறுவன அமைப்பாக மாற்றியதும், அந்த அமைப்பை ஒரு கட்டுப்பாட்டின் மேல் நிறுத்தியதுமே அவர் செய்த பெருஞ்செயல் என்பது என் கருத்து.

சாங் 1931 ஜூலை 10 அன்று சீனாவின் நிங்போவில் பிறந்தார். தந்தை உள்ளூர் நிர்வாகத்தில் நிதி அதிகாரியாக இருந்து, பிறகு வங்கிப் பணிக்குச் சென்றவர். நான்ஜிங், குவாங்சோ, ஹாங்காங், சோங்சிங், ஷாங்காய் என்று போர் துரத்தத் துரத்தக் குடும்பம் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. பதினெட்டு வயதுக்குள் பத்துப் பள்ளிகள் மாறியவர் அவர். எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். எழுத்து சோறு போடாது என்று தந்தை தடுத்துவிட்டார். கம்யூனிஸ்டுகள் வெற்றியை நெருங்கிய 1948-இல் குடும்பம் மீண்டும் ஹாங்காங்குக்குப் போனது. மறு ஆண்டு சாங் அமெரிக்காவில் ஹார்வர்டில் சேர்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களில் அவர் ஒருவரே சீனர்.

இலக்கியமும் வரலாறும் படித்த அந்த ஓராண்டைத் தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான காலம் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இருந்தும் அடுத்த ஆண்டே ஹார்வர்டை விட்டு எம்ஐடிக்கு மாறி இயந்திரப் பொறியியல் படித்தார். 1950-களின் அமெரிக்காவில் ஒரு சீனருக்குத் திறந்திருந்த வழிகள் சிலவே: சலவைக் கடை, உணவகம், பொறியியல், பேராசிரியர் பணி. முதல் இரண்டையும் அவர் விரும்பவில்லை. அவர் பொறியாளரானதற்குப் பின்னால் இனப் பாகுபாடு இருந்தது என்பதை வாழ்க்கைக் குறிப்புகள் பலவும் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நாம் அப்படித் தாண்டக் கூடாது.

எம்ஐடியில் முதுகலை முடித்து, முனைவர் படிப்புக்கான தகுதித் தேர்வை இருமுறை எழுதி இருமுறையும் தோற்றார். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. 1955-இல் வேலை தேடியபோது ஃபோர்டு மோட்டார் மாதம் 479 டாலர் தர முன்வந்தது; சில்வேனியா என்ற நிறுவனத்தின் செமிகண்டக்டர் பிரிவு 480 டாலர். கார் தொழிலில்தான் அவருக்கு விருப்பம். கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று ஃபோர்டைக் கேட்டார். முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டார்கள். அந்த ரோஷத்தில் சில்வேனியாவில் சேர்ந்தார்.

செமிகண்டக்டர் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. மாசசூசெட்ஸில் இப்ஸ்விச் என்ற சிற்றூரில் இருந்த ஆலையில் பகலில் வேலை. இரவில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியின் பாடநூலை வைத்துக்கொண்டு சுயமாகப் படித்தார். புரியாத இடங்களை, தாம் தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடத்துக்கு மாலையில் வரும் மூத்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்தத் துறையில் அவருக்குக் கிடைத்த முதல் வகுப்பறை அதுதான்.

1958-இல் டல்லாஸில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு மாறினார். ஒரே சில்லில் முழுச் சுற்றையும் அடக்கலாம் என்று காட்டிப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜாக் கில்பியும் அதே ஆண்டு அங்கே சேர்ந்தவர்தான். சாங்குக்குக் கிடைத்ததோ யாரும் பொறாமைப்படாத வேலை. ஐபிஎம் கணினிகளுக்கான ஒரு டிரான்சிஸ்டர் உற்பத்தி வரிசை. செய்வதில் ஏறத்தாழ ஒன்றுகூடத் தேறுவதில்லை. எல்லாம் கழிவுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

தேறும் விகிதம் என்ற இந்தக் கணக்கில்தான் சில்லுத் தொழிலின் உயிர் இருக்கிறது. நூறு செய்து பத்துத் தேறினால், அந்தப் பத்தின் தலையில் நூறின் செலவும் ஏறுகிறது. அதே நூறில் ஐம்பது தேறினால், இயந்திரமும் ஆளும் மூலப்பொருளும் கூடாமலே ஒவ்வொன்றின் செலவும் ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. உலையின் வெப்பம் சற்றுக் கூடினாலும், வேதிப்பொருளில் கண்ணுக்குத் தெரியாத மாசு கலந்தாலும் ஒரு நாள் உற்பத்தி முழுவதும் வீண். எது காரணம் என்று கண்டுபிடிக்கக் கோட்பாடு பாதி தூரம்தான் கூட்டிப்போகும். மீதித் தூரம் வரிசையின் ஓரத்தில் நின்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதிவைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பது. சாங் அதைச் செய்தார். வெப்பநிலையை மாற்றினார், அழுத்தத்தை மாற்றினார், முடிவுகளைத் திரட்டினார். சில மாதங்களில் தேறும் விகிதம் 20 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த டிரான்சிஸ்டரை வடிவமைத்த ஐபிஎம்மின் ஆட்களே டல்லாஸுக்கு வந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

நிறுவனம் அவரைத் தன் செலவில் ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பியது. 1964-இல் மின்பொறியியலில் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். 1972-இல் நிறுவனத்தின் உலகளாவிய செமிகண்டக்டர் தொழில் முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. அங்கே அவர் கடைப்பிடித்த விலைக் கொள்கை குறிப்பிடத்தக்கது. உற்பத்தி பெருகப் பெருகத் தொழிலாளர் கை பழகும், தேறும் விகிதம் ஏறும், செலவு குறையும் என்பது அவருக்கு அனுபவ உண்மை. எனவே செலவு குறையும்வரை காத்திராமல், காலாண்டுக்கு ஒருமுறை விலையைக் குறைத்தார், வாடிக்கையாளர் கேட்காதபோதும். சந்தை கைக்குள் வந்தது. சந்தை வந்ததால் உற்பத்தி பெருகியது. அவர் கணித்த இடத்துக்குச் செலவும் இறங்கியது.

அந்த நிறுவனத்தின் உச்சப் பதவிக்கு வருவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. 1970-களின் இறுதியில் அவரைக் கால்குலேட்டர், கைக்கடிகாரம், வீட்டுக் கணினி ஆகியவற்றை விற்கும் நுகர்பொருள் பிரிவுக்கு மாற்றினார்கள். நுகர்வோரின் விருப்பத்தைக் கணிக்கும் திறமை அவரிடம் இல்லை. அந்தப் பிரிவும் சோபிக்கவில்லை. 25 ஆண்டு வேலைக்குப் பிறகு 1983-இல் விலகினார். அடுத்து நியூயார்க்கில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பில் சிறிது காலம். அதுவும் பொருந்தவில்லை. 54 வயது, அமெரிக்கக் கணக்குப்படி அவருடைய ஏறுமுகம் முடிந்துவிட்டது.

ஆனால் அந்தக் குறுகிய நியூயார்க் காலத்தில் ஒன்று நடந்தது. கோர்டன் கேம்பல் என்ற தொழில்முனைவர் புதிய சில்லு நிறுவனத்துக்கு 5 கோடி டாலர் முதலீடு கேட்டு வந்தார். பிறகு ஆளைக் காணவில்லை. சாங் தொலைபேசியில் கேட்டபோது, இப்போது அவ்வளவு தேவையில்லை, 50 லட்சம் போதும் என்றாராம் கேம்பல். ஆலை கட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, வடிவமைப்பை மட்டும் தாம் செய்து, உற்பத்தியை வேறு யாரிடமாவது கொடுப்பதாக முடிவு செய்திருந்தார். அந்த ‘வேறு யாராவது’ அப்போது பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனங்கள். அவை சொந்தச் சில்லு போக எஞ்சிய நேரத்தில் பிறருக்குச் செய்து கொடுத்தன. தேவை கூடினால் முதலில் பிறரைத்தான் கழற்றிவிட்டன. வடிவத்தைக் கையில் கொடுத்தவனுக்கு அது களவு போகுமோ என்ற பயம் வேறு.

1985-இல் தைவானின் தொழில்நுட்பக் கொள்கையை வகுத்த மூத்த அமைச்சர் கே.டி. லீயின் முனைப்பில், அரசின் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைவராகச் சாங் தைவான் வந்தார். அதற்குமுன் அந்த மண்ணில் அவர் வாழ்ந்ததில்லை. வந்த சில வாரங்களிலேயே, ஒரு செமிகண்டக்டர் நிறுவனம் தொடங்கத் திட்டம் கொடு என்றார் லீ. சாங் தைவானின் கையிருப்பைப் பார்த்தார். ஆராய்ச்சி பலவீனம், வடிவமைப்பு பலவீனம், காப்புரிமைகள் இல்லை, விற்பனை வலை இல்லை. எஞ்சியது ஒன்றே: உற்பத்தியில் ஓரளவு தேர்ச்சி. பலம் எதில் இருக்கிறதோ அதை மட்டும் செய்வது, மற்ற எதையும் செய்யாமலிருப்பது என்று திட்டம் பிறந்தது. டிஎஸ்எம்சி பிறர் வடிவமைத்த சில்லுகளை மட்டுமே செய்யும். தன் பெயரில் எதையும் வடிவமைக்காது, விற்காது.

தையல்காரர் ஒருவர் நாம் கொடுத்த துணியை நம் அளவுக்குத் தைத்துத் தருகிறார். அவரே அதே மாதிரியில் ஆயத்த ஆடைக் கடையும் வைத்திருந்தால் புது மாதிரியை அவரிடம் யார் கொடுப்பார்கள்? சாங்கின் வாக்குறுதியின் வலிமை இங்கே இருக்கிறது. ‘உங்களோடு போட்டியிட மாட்டோம்’ என்று எந்த நிறுவனமும் வாயால் சொல்லலாம். போட்டியிடத் தேவையான வடிவமைப்புப் பிரிவையே வைத்துக்கொள்ளாத நிறுவனம் சொன்னால்தான் அது நம்பிக்கையாகும்.

இந்த யோசனை யாருடையது என்பதில் சச்சரவு உண்டு. தைவானின் இன்னொரு சில்லு நிறுவனமான யுஎம்சியின் ராபர்ட் சாவ், தாமே 1984-இல் இதைச் சாங்குக்குத் தெரிவித்ததாகச் சொல்லி வருகிறார், சாங் ஏற்பதில்லை. வடிவமைப்பையும் உற்பத்தியையும் பிரிக்க முடியும் என்பதைக் கார்வர் மீடும் லின் கான்வேயும் 1980 வாக்கிலேயே தங்கள் பாடநூல் வழியே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரப்பியிருந்தார்கள். ஆகவே யோசனை காற்றில் இருந்தது என்பதே நியாயமான தீர்ப்பு. யுஎம்சி பல ஆண்டுகள் சொந்தச் சில்லுகளையும் விற்றுவிட்டு, 1995-இல்தான் முழுதாக இந்த வழிக்கு மாறியது. சாங் முதல் நாளிலிருந்தே வேறு எதையும் செய்யவில்லை. யார் முதலில் நினைத்தார் என்பதைவிட யார் முதலில் மற்றதைத் துறந்தார் என்பதே இங்கே முக்கியம்.

முதலீடு திரட்டுவது பெரும்பாடு. இன்டெல் மறுத்தது. 25 ஆண்டு உழைத்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் மறுத்தது. நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் மட்டும் 27.5 விழுக்காடு எடுத்துக்கொண்டு, தொழில்நுட்பமும் காப்புரிமைப் பாதுகாப்பும் தந்தது. அரசின் பங்கு ஏறத்தாழ 48 விழுக்காடு. உள்ளூர்த் தொழிலதிபர்கள் சிலர் பிரதமர் மட்டத்திலிருந்து வந்த நெருக்குதலுக்குப் பிறகே பணம் போட்டார்கள் என்று சாங்கே சொல்லியிருக்கிறார். தனிமனித மேதைமையால் எழுந்த நிறுவனம் என்று டிஎஸ்எம்சியைச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். சாங் தலைவராக வந்த ஆராய்ச்சிக் கழகம் 1973-இல் தொடங்கப்பட்டது. 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கி, இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பிப் பயிற்றியது. சாங் வருவதற்குள் ஒரு தலைமுறை ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

1987 பிப்ரவரியில் நிறுவனம் தொடங்கியபோது அதன் தொழில்நுட்பம் முன்னணி நிறுவனங்களைவிட இரண்டு தலைமுறை பின்தங்கியிருந்தது. திருப்பம் இன்டெல்லிடமிருந்து வந்தது. சாங்கின் பழைய நண்பரும் இன்டெல்லின் தலைமைச் செயல் அதிகாரியுமான ஆண்டி குரோவ், தம் சில்லுகள் சிலவற்றை அங்கே செய்ய முடியுமா என்று சோதிக்க ஆட்களை அனுப்பினார். அவர்கள் குறைகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் தீர்த்து 1988-இல் இன்டெல்லின் தரச் சான்றைப் பெற்றார்கள். அன்று இன்டெல் கற்றுக்கொடுத்த மாணவன், முப்பது ஆண்டுக்குள் உற்பத்தி நுட்பத்தில் இன்டெல்லையே முந்திச் சென்றான்.

இதற்கிடையே அமெரிக்காவில் ஆலை இல்லாத சில்லு நிறுவனங்கள் வரிசையாக முளைத்தன. 1993-இல் தொடங்கிய என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், தமக்குச் செய்து கொடுக்க ஆளில்லாமல் சாங்குக்குக் கடிதம் எழுதினார். சாங்கே தொலைபேசியில் அழைத்தார். அமளியாக இருந்த அறையை ‘மோரிஸ் சாங் பேசுகிறார்’ என்று சொல்லி அமைதிப்படுத்தினேன் என்று ஹுவாங் நினைவுகூர்வதுண்டு. ஆண்மகனுக்கு ஆலை வேண்டும் என்று பெருமையடித்தவர் ஏஎம்டியின் நிறுவனர் ஜெர்ரி சாண்டர்ஸ். அந்த ஏஎம்டியே 2009-இல் ஆலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு டிஎஸ்எம்சியின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றானது.

2005-இல் சாங் தலைமைச் செயல் அதிகாரி பதவியை ரிக் சாயிடம் ஒப்படைத்துவிட்டு, தலைவராக மட்டும் நீடித்தார். 2008 நிதி நெருக்கடியில் கொள்முதல் ஆணைகள் சரிந்தன. செயல்திறன் மதிப்பீட்டைக் காரணம் காட்டி ஊழியர்கள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் சிலர் சாங்கின் வீட்டுக்கு முன்னால் வந்து போராடினார்கள். 2009 ஜூனில், 77 வயதில், அவர் மீண்டும் பதவியைத் தம் கையில் எடுத்தார். வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்ப அழைத்தார். ஓய்வுபெற்றிருந்த ஆராய்ச்சித் தலைவர் சியாங் ஷாங்-யியையும் கூப்பிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் துணிச்சல். 2009-இல் 270 கோடி டாலராக இருந்த மூலதனச் செலவை 2010-இல் 590 கோடியாக்கினார். உலகம் இன்னும் மந்தத்திலிருந்து எழவில்லை. ஆலைகளில் கொள்ளளவு வீணாகிவிடும் என்று முதலீட்டாளர்கள் கலங்கினார்கள். ஸ்மார்ட்ஃபோன் பெருகப்போகிறது, அது சில்லுகளைக் கேட்கும் என்பது சாங்கின் கணிப்பு. டெக்சாஸில் செலவு குறையுமுன் விலையைக் குறைத்தவர், இங்கே ஆணை வருமுன் ஆலையைக் கட்டினார். இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே நம்பிக்கை: உற்பத்தி அளவே கற்றலைத் தரும்.

2010-இல் ஆப்பிளின் ஜெஃப் வில்லியம்ஸ் சாங்கின் வீட்டுக்கு இரவு உணவுக்கு வந்தார். பேச்சு நீண்டு, தடைபட்டு, மீண்டும் தொடர்ந்தது. 900 கோடி டாலர் போட்டு, 6,000 பேர் இரவு பகலாக உழைத்து, தைனானில் 11 மாதத்தில் ஆலை எழுந்ததாக வில்லியம்ஸ் பிறகு ஒரு விழாவில் சொன்னார். 2014-இல் வெளிவந்த ஐபோன் 6-இன் சில்லு டிஎஸ்எம்சியில் செய்தது.

இரவு பகலாக என்ற சொல்லில் சற்று நின்றாக வேண்டும். 2014-இல் சாம்சங்கை முந்துவதற்காக ஆராய்ச்சிப் பிரிவையே மூன்று ஷிஃப்டுகளில் 24 மணி நேரமும் ஓட்டினார்கள். இரவுப் பறவை ஒன்றின் பெயர் அதற்கு. கூடுதல் ஊதியம் உண்டு, கெட்டுப்போகும் உடலும் உண்டு. நள்ளிரவு ஒரு மணிக்கு இயந்திரம் பழுதானால் அமெரிக்காவில் மறுநாள் காலையில் சரிசெய்வார்கள், தைவானில் இரண்டு மணிக்கே சரிசெய்துவிடுவார்கள் என்று சாங் பெருமையுடன் சொல்வார். தொலைபேசி ஒலித்து எழுந்து போகும் கணவனைப் பற்றி மனைவி குறை சொல்லாமல் மீண்டும் தூங்கிவிடுவாள் என்றும் சேர்த்துக்கொள்வார். இந்தப் பெருமையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மனைவி சம்பளப் பட்டியலில் இல்லாதவள். நிறுவனத்தின் வெற்றியில் ஒரு பகுதி அவள் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

நாடும் விலை கொடுத்தது. 2021-இல் அரை நூற்றாண்டு காணாத வறட்சி வந்தபோது தைவான் அரசு நெல்வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தி இழப்பீடு கொடுத்தது. சில்லு ஆலைகளுக்கு லாரிகளில் தண்ணீர் போனது. தைவானின் மின்சாரத்தில் 6 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. நாட்டைக் காக்கும் புனித மலை என்று தைவான் மக்கள் இதை அழைக்கிறார்கள். சீனப் படையெடுப்பு அச்சத்தில் வாழும் ஒரு தீவுக்கு, தன் ஆலை நின்றால் உலகமே நிற்கும் என்பது ஒரு காப்பு. அதே காரணத்தால் உலக வல்லரசுகளின் கண் அதன்மேல் விழுகிறது என்பதும் உண்மை.

சாங் 2018 ஜூன் 5 அன்று ஓய்வு பெற்றார். அதன் பிறகும் ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பான ஏபெக்கின் மாநாடுகளுக்குத் தைவானின் பிரதிநிதியாகப் பலமுறை சென்றார். அரிசோனாவில் டிஎஸ்எம்சி ஆலை கட்டத் தொடங்கியபோது அங்கே செலவு கூடும் என்ற, அமெரிக்கர்கள் விரும்பாத உண்மையை வெளிப்படையாகச் சொன்னவரும் அவரே. 1996-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆலை அமைத்துச் சூடுபட்டவர். அங்கே செலவு தைவானைவிட 50 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது. 2022 டிசம்பரில் அரிசோனா விழா மேடையிலேயே, உலகமயமாதல் ஏறக்குறைய செத்துவிட்டது என்றார்.

இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், இந்தியா என எல்லா அரசுகளும் சில்லு ஆலைகளுக்குப் பணத்தைக் கொட்டுகின்றன. 2021 டிசம்பரில் இந்தியா அறிவித்த தொகை 76,000 கோடி ரூபாய். இதை வரவேற்கிறேன். ஆனால் கொள்கை வகுப்போர் சாங்கின் 1987-க்குப் பிந்தைய வெற்றிகளைப் படிப்பதோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளையும், தைவானின் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் பதினான்கு ஆண்டுகளையும் படிக்க வேண்டும். ஆலையை ஐந்தாண்டில் கட்டிவிடலாம். அதில் தேறும் விகிதத்தை உயர்த்தும் பொறியாளரை உருவாக்க அதைவிட நெடுங்காலம் ஆகும். அந்தக் காலத்துக்கும் இப்போதே நிதி ஒதுக்குங்கள்.